வாஹ் வாஹ் ஓய்ந்த பிறகு

ஒரு மழைக்கால ஞாயிறு. ஆம்பூரில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடும் பள்ளிக்கூட அறையில் ஒரு பெண் தன் கதையை வாசித்தார். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் வேலை பார்ப்பவர். கோடு போட்ட நோட்டில் நீல மையில் நான்கு பக்கம். அப்பர் தைக்கும்போது விரலில் ஊசி ஏறிவிடுகிறது ஒருத்திக்கு. அன்றைக்குள் முடிக்க வேண்டிய ஜோடிக் கணக்குக்குப் பயந்து, விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு தைத்தபடியே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. வாசித்து முடித்ததும் கைதட்டினோம். ஒருவர் எழுந்து, "கண்ணுல தண்ணி வந்துடுச்சிம்மா" என்றார். இன்னொருவர், "இந்த வேலையும் பாத்துகினு எழுதறதே பெரிய விஷயம்மா" என்றார். அந்தப் பெண் நோட்டை மூடவில்லை.

"அதெல்லாம் சரி சார். இதுல எந்த எடம் நல்லா இல்ல? அத்த சொல்லுங்க."

அறையில் பதினோரு பேர் இருந்தோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். கடைசிப் பத்தி கதையிலிருந்து வந்ததல்ல, ஏதோ டிவி சீரியலிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அதுவரை ஊசி, நூல், சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் என்று கறாராகப் போன கதை, கடைசியில் 'உழைக்கும் வர்க்கமே' என்ற தொனியில் ஒரு சொற்பொழிவாகிவிட்டது. புத்தக மதிப்புரைகளில் இதைவிடக் கடுமையாக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அதுவும் முகம் தெரியாதவர்களைப் பற்றி. எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒருவரிடம் சொல்ல நாக்கு வரவில்லை. டீ வந்தது, பேச்சு மாறிவிட்டது.

அன்று ஏன் பேசாமல் இருந்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பதினோரு பேரின் கூச்சம் மட்டும்தான் காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

வேலூரிலிருந்து மேற்கே வந்தால் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, அப்புறம் திருப்பத்தூர். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. இந்த ஊர்களில் இலக்கிய அமைப்புகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமுஎகச கிளை உண்டு, கலை இலக்கியப் பெருமன்றம் உண்டு. தமிழ்ச் சங்கம், திருக்குறள் மன்றம், கல்லூரித் தமிழ் மன்றம், அம்பேத்கர் பெயரில் வாசகர் வட்டம் என்று வரிசை நீளும். திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரிப் பேராசிரியர் கி. பார்த்திபராஜாவின் மாற்று நாடக இயக்கம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது முஷாயிரா நடக்கிறது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஒரு கூட்டத்துக்குப் போகிறவர் இன்னொன்றுக்குப் போவதில்லை. முஷாயிராவில் உட்கார்ந்திருப்பவரும் வாசகர் வட்டத்தில் உட்கார்ந்திருப்பவரும் பகலில் ஒரே டேனரியில் வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம், ஒருவர் ஆபீஸிலும் ஒருவர் டிரம்முக்குப் பக்கத்திலும். சாயங்காலம் ஆளுக்கொரு தெரு.

இந்தத் தெருக்களுக்கு நடுவே ஒரு காலத்தில் ஒருவர் நடந்து போனார். அப்துல் ரகுமான் 1961-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். 1919-இல் தொடங்கிய கல்லூரி அது. மதுரைக்காரர், உருதுக் கவிஞர்களின் குடும்பத்தில் பிறந்தவர். உருது முஷாயிராவை மாதிரியாக வைத்து வாணியம்பாடியில் 'கவிராத்திரி' நடத்தினார். இரவு முழுக்கக் கவிதை, தமிழில். இலக்கிய வரலாறுகளில் இது ஒற்றை வரியாகக் கடந்துபோகும். எனக்கு அது 'பால்வீதி'க்கு இணையான காரியம். மொழியும் மதமும் சாதியும் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து வைத்திருந்த ஊரில், ஒரு மொழியின் சபை வடிவத்தை இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹைக்கூவும் கஸலும் அவரால் தமிழில் பரவியதைப் பேசுகிறோம். சபையைக் கொண்டுவந்ததைப் பேசுவதில்லை.

முஷாயிராவை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது நம்ம ஊர் கவியரங்கம் மாதிரி இல்லை. கேட்கிறவனுக்கு அங்கே வேலை உண்டு. கவிஞர் ஷேரின் முதல் அடியைச் சொல்லி நிறுத்துவார். கூட்டம் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்க்கும். இரண்டாம் அடியில் காஃபியா எங்கே வந்து விழப்போகிறது என்று பாதிப் பேர் ஊகித்திருப்பார்கள். ஊகித்ததையும் மீறி அது வேறெங்கோ விழும்போது எழுவதுதான் உண்மையான 'வாஹ்'. 'முகர்ரர்' என்று கேட்டால் மறுபடி படிக்க வேண்டும். கேட்காவிட்டால் அதுவும் ஒரு தீர்ப்புதான். டீக்கடை வைத்திருப்பவர்கூட ஒரு ஷேர் எந்த இடத்தில் தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். வடிவம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால் விமர்சனம் எல்லோருக்கும் சாத்தியமாகிறது.

இந்த மேடைக்குப் பின்னால் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று தரஹ். முஷாயிராவுக்கு முன்பே ஓர் அடியைக் கொடுத்துவிடுவார்கள். வருகிற எல்லாரும் அதே சந்தத்தில், அதே காஃபியா ரதீஃபில் கஸல் எழுதி வர வேண்டும். இன்றைக்குப் பட்டறைகளில் 'பயிற்சி' என்று கொடுக்கிறோமே, அதுதான். இன்னொன்று இஸ்லாஹ். ஷாகிர்த் எழுதியதை உஸ்தாத் திருத்துவது. அது எங்கோ தனியறையில் நடந்த ரகசியம் அல்ல, ஊரறிந்த ஏற்பாடு. பகதூர் ஷா ஜாஃபருக்கு உஸ்தாத் ஸௌக். 1854-இல் ஸௌக் இறந்த பிறகு காலிப். பாதுஷாவே ஆனாலும் எழுதியதை ஒருவரிடம் காட்ட வேண்டும். காலிப் தன் சீடர்களுக்குத் தபாலிலேயே திருத்தம் எழுதி அனுப்பினார், ஹர்கோபால் தஃப்தாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இளைஞர் இக்பால் பஞ்சாபிலிருந்து ஹைதராபாத்தில் இருந்த தாக் தெஹ்ல்விக்குக் கவிதைகளை அனுப்பித் திருத்தம் வாங்கினார். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த எழுத்தாளர்களை அன்றைக்கே தபால்காரர் இணைத்துவிட்டார்.

தமிழில் இது இல்லாமலா போயிற்று? ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்னது வேறென்ன? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பக்கத்தில் ஏடும் கையுமாக உட்கார்ந்துதான் உ.வே.சா. வளர்ந்தார். அரங்கேற்றம் என்பது சால்வை போடும் விழா அல்ல. புலவர்கள் ஆட்சேபம் எழுப்புவார்கள், எழுதியவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பாட்டு நிற்காது.

புதுக்கவிதை வந்தபோது யாப்போடு சேர்ந்து இந்த ஏற்பாடும் போய்விட்டது. யாப்பு போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் யாப்பு என்பது எழுதியவனும் கேட்டவனும் சேர்ந்து பிடித்திருந்த ஓர் அளவுகோலாகவும் இருந்தது. அதன் இடத்தில் வேறொன்றை வைக்காமலே மேடையை மட்டும் வைத்துக்கொண்டோம். தமிழ்க் கவியரங்கம் முஷாயிராவிலிருந்து ராத்திரியை எடுத்துக்கொண்டது, வரிசையை எடுத்துக்கொண்டது, வாஹ் வாஹை எடுத்துக்கொண்டது. தரஹையும் இஸ்லாஹையும் விட்டுவிட்டது. இது அப்துல் ரகுமான் என்ற தனிமனிதரின் குறை அல்ல. நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கும்வரை திருத்தம் அவர் வீட்டுத் திண்ணையிலோ வகுப்பறையிலோ நடந்துவிடும். அவர் போனதும் மேடை மட்டும் மிஞ்சும். இன்றைக்கு எங்கள் பக்கத்து நிகழ்ச்சி எதற்கு வேண்டுமானாலும் வந்து பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று போகும். நூலைப் பற்றிப் பேச வேண்டியவர், "நேரமின்மை காரணமாக" என்று தொடங்குவார். ஆம்பூர் என்றால் 'எழுத்தும் ஒரு பதனிடுதல்தான்' என்ற உவமையை ஒருவர் கட்டாயம் சொல்வார். டேனரியில் ஒருநாள்கூட நின்றிருக்க மாட்டார். நின்றவர்கள் அந்த உவமையைச் சொல்வதில்லை. சுண்ணாம்புக் குழியின் நாற்றம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, இஸ்லாஹைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் போதுமா? அவ்வளவு எளிதில்லை. யார் திருத்துவது, யாருடைய மொழியைத் திருத்துவது என்ற கேள்வி எங்கள் ஊர்களில் சாதியின் கேள்வி. எங்களுடன் இருந்த ஒரு இளைஞர் பள்ளிக் காலத்தில் எழுதிய முதல் கதையில் "வூட்ல யாரும் இல்ல, கூய் இல்லாம கீது" என்று எழுதியிருக்கிறார். தமிழாசிரியர் சிவப்பு மையில் அடித்து 'வீட்டில் எவருமில்லை, உணவில்லை' என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் எதையும் எழுதவில்லை. 'திருத்து' என்ற சொல்லே இங்கே சிலருக்கு அடி மாதிரி விழுகிறது. அதனால்தான் முற்போக்கு அமைப்புகள் திருத்துவதைவிட வரவேற்பதை முக்கியமாக நினைத்தன. அதில் நியாயம் இருந்தது. 1961-இல் பெருமன்றமும் 1975-இல் தமுஎசவும் கட்டிய கிளை அமைப்பு இல்லாவிட்டால், சிறுநகரத்தில் ஓர் ஆசிரியரோ ரயில்வே ஊழியரோ தன் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்திருக்க மாட்டார். 'தாமரை', 'செம்மலர்' பக்கங்கள் அவர்களுக்குத் திறந்தன. திருவண்ணாமலையில் தமுஎச நடத்திய கலை இலக்கிய இரவுகளுக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்துப் போனவர்கள் உண்டு.

ஆனால் கிளைக் கூட்டங்களில் நான் பார்த்த வழக்கம் ஒன்று உண்டு. கதையைக் கேட்டதும் பேச்சு கதையில் வரும் பிரச்சினைக்குப் போய்விடும். பாலாறு பற்றிய கதை என்றால் கழிவுநீர், 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, 2015-இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் செத்தது என்று போகும். எல்லாம் பேச வேண்டியவைதான். கதை மட்டும் நடுவில் அனாதையாக நிற்கும். சுத்தத் தமிழ் வாத்தியார் மொழியைத் திருத்தினார், கதையைப் படிக்கவில்லை. தோழர் கதையைப் பாராட்டினார், அவரும் படிக்கவில்லை.

உரைநடைக்கு முஷாயிரா உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுகதையை ஒருமுறை காதால் கேட்டு எதுவும் சொல்ல முடியாது, கையில் பிரதி வேண்டும். தமிழில் உரைநடைக்கென்று சில சபைகள் இருந்தன. சென்னையில் 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' மாதம்தோறும் பத்திரிகைக் கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று ஒருவரைப் பேச வைத்தது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய 'காகங்கள்' அமைப்பில் எழுதியதை நண்பர்கள் மத்தியில் வைத்து விவாதித்தார்கள். முதலாவது அச்சில் வந்ததை எடைபோட்டது. இரண்டாவதன் பலமும் பலவீனமும் ஒன்றே, நடுவில் ஒரு பெரிய ஆளுமை.

தோல் பற்றிய நாவல் என்றதும் நம் நினைவுக்கு வருவது டி. செல்வராஜின் 'தோல்'. 2010-இல் வந்தது, 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு. அதன் களம் திண்டுக்கல். செல்வராஜ் அங்கே வழக்கறிஞராக இருந்தவர், இடதுசாரி இயக்கத்துக்காரர். தொழிலாளியின் கதையைக் கேட்க அவருக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது. பாலாற்றங்கரையில் இத்தனை டேனரிகள் இருந்தும் அந்த அளவில் தொழிலை நடுவில் வைத்த நாவல் ஏன் இங்கிருந்து வரவில்லை என்று கேட்டால், "எழுத ஆளில்லை" என்பார்கள். அது பொய். பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் எழுதுகிறார். 'தீட்டு' கதைகளையும் 'தகப்பன்கொடி' நாவலையும் படித்தவர்களுக்கு இந்த நிலத்தின் உரைநடை எப்படி இருக்கும் என்று தெரியும். வட்டார வழக்கை அவர் வேடிக்கைப் பொருளாக வைப்பதில்லை. நிலத்தை இழந்தவன் எந்த வேகத்தில் பேசுவானோ அந்த வேகத்தில் வாக்கியம் போகும். ஆனால் ஒரு அழகிய பெரியவன் வந்துவிட்டார் என்பதையே ஓர் ஊர் தன் இலக்கியச் சூழலுக்குச் சான்றாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவர் சூழலால் வந்தாரா, சூழல் இல்லாமலே வந்தாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்.

தொழில் மாறிய வேகத்துக்கு எழுத்து ஈடுகொடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் ஒன்று. 1970-களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோமும் முழுத் தோலும், பிறகு ஷூவும் வந்தன. ஷூ வந்ததும் பெண்கள் வந்தார்கள். கிராமத்துக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. கண்ணூரில் பீடி சுற்றும் இடத்தில் ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். ஸ்டிச்சிங் லைனில் மிஷின் சத்தத்தில் அது நடக்காது. ஆண்களின் டீக்கடைப் பேச்சிலிருந்து உருவான எங்கள் இலக்கிய அமைப்புகள் சாயங்காலம் ஆறரைக்குத்தான் இன்னமும் கூட்டம் வைக்கின்றன. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள். நாங்கள் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மாற்றியதும் நான்கு பெண்கள் வந்தார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் ஓவர்டைம், அப்போது ஒருவரும் வர மாட்டார்கள்.

1976-இல் பிரிட்டனில் பல ஊர்களின் தொழிலாளர் எழுத்துக் குழுக்களும் சிறு பதிப்பகங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. நிதி கேட்டபோது, இலக்கியத் தரம் போதாது என்று அங்கிருந்த ஆர்ட்ஸ் கவுன்சில் மறுத்தது. எங்கள் தரத்தை முடிவு செய்ய நீ யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கோபத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால் தரத்தைப் பற்றிய பேச்சையே எதிரியிடம் விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஆம்பூரில் அன்று நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்த பெண் கேட்டது தரத்தைத்தான். கருணையை இல்லை. 'எழுதறதே பெரிய விஷயம்' என்று சொல்வதில் அவமதிப்பு இருக்கிறது, இதற்கு மேல் உன்னிடம் எதிர்பார்க்க எதுவுமில்லை என்கிறோம். யாராவது பெரிய எழுத்தாளர் வந்து கதை வாசித்தால் இப்படிச் சொல்வோமா?

குழுக்களை இணைப்பது என்றதும் நம்மவர்களுக்கு மாவட்டத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று லெட்டர்பேட்தான் நினைவுக்கு வரும். இந்த நிலத்திலேயே இதைவிட நல்ல முன்னுதாரணம் இருந்தது. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஒரு வருடத்தில் 'தமிழன்' ஆனது, 1914-இல் அவர் இறக்கும்வரை நடத்தினார். சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் கோலார் தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் ரங்கூனிலும் இருந்தன. வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்குப் போன குடும்பங்களின் தடத்தில்தான் இதழும் பயணம் செய்தது. வாசகர்கள் சந்தேகம் எழுதி அனுப்ப, பண்டிதர் இதழிலேயே பதில் எழுதினார். அது படைப்பிலக்கியப் பட்டறை அல்ல, மத, அரசியல் இயக்கம். ஆனால் அதன் மையம் ஒரு கட்டடமோ பொறுப்பாளர் பட்டியலோ அல்ல, வாரம்தோறும் கைமாறிய தாள்.

தாள் கைமாறினால் போதும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆறு ஊருக்கும் தலைமை வேண்டாம். குடியாத்தத்தில் எழுதிய கதையின் ஜெராக்ஸ் வாணியம்பாடிக்குப் போகட்டும், எழுதியவரின் முகமும் சாதியும் தொழிலும் தெரியாதவர்கள் அதைப் படித்து ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பட்டும். முகம் தெரியாவிட்டால் அந்தக் கருணை வராது. வட்டார மொழியில் கை வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் போதும். 'கீது' இருக்கட்டும். எந்த வரி பொய் சொல்கிறது என்பதை மட்டும் குறித்தால் போதும். இரண்டு பொன்னாடை வாங்கும் காசில் எத்தனையோ ஜெராக்ஸ் எடுக்கலாம். உருது தெரிந்த ஒருவர் வருகிற மாதம் முஷாயிராவுக்குத் தந்த தரஹ் அடியைத் தமிழில் சொன்னால், அதை வைத்து நாங்களும் ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்றும் ஆசை இருக்கிறது. அந்த ஏற்பாடு இன்னும் கூடிவரவில்லை. இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மழை விட்ட பிறகு அந்தப் பெண்ணின் கதையை, அவர் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் பக்கத்து ஊர் நண்பர்கள் மூவருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை நானும் என் பிரதியில் கடைசிப் பத்தியைச் சுற்றிக் கோடு போட்டேன். மற்ற மூவரில் இரண்டு பேர் அதே பத்தியைத்தான் சுற்றியிருந்தார்கள். மூன்றாமவர் டேனரியில் ஷேவிங் மிஷின் ஓட்டுபவர். அவர் கடைசிப் பத்தியை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார். 'இந்த எடத்துல வலிக்கும்னு எழுதி இருக்கு. ஊசி ஏறின ஒடனே வலிக்காது, ஜில்லுனு இருக்கும். வலி அப்பறம்தான்.'

நான்கு பிரதிகளையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். கடைசிப் பத்தியைப் பற்றிய மூன்று குறிப்புகளையும் படித்துவிட்டு, "அது எனக்கே தெரியும், முடிக்கத் தெரியாம எழுதினது" என்றார். நான்காவதை இரண்டு முறை படித்தார். "இவரு யாருன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றார். சொல்லக் கூடாதென்று பேசி வைத்திருக்கிறோம் என்றேன். "சரி, அவரு எழுதினது இருந்தா குடுங்க, நானும் பாக்கறேன்" என்று நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.